மூடினாலும் வளர்ந்தது

லாப பஞ்சமி அன்று காலை ஒன்பதே கால் மணிக்கு ஆலை முதலாளி சேட்டின் கண்ணில் பட்ட முதல் சொல் 'மூடியது'. இரண்டாவது சொல் 'நின்றது'. மூன்றாவதைப் படிக்க மனமில்லாமல் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தீபாவளிக்கு அடைத்த கடையெல்லாம் மறுபடி தொழில் தொடங்குகிற நாள் அது. குஜராத்தில் அங்கலேஷ்வர் பக்கத்துச் சாய ஆலையின் முன்கூடத்தில் ஒரு சுவரை முழுசாக அடைத்துக்கொண்டு புதுத் திரை வந்திருந்தது. அதே திரையின் நகல் வடோதராவில் சேட்டின் அறையிலும் இருந்தது. ஆலையில் எந்த வால்வு மூடினாலும், எந்தப் பம்பு நின்றாலும், சென்சார் கன்ட்ரோலருக்குச் சொல்லும், கன்ட்ரோலர் அந்தக் கணமே திரைக்குச் சொல்லிவிடும். சொல்வதற்காகத்தான் அதை வாங்கினார்கள். நாள் கிழமை பார்க்காமல் அதுவும் சொல்லிவிட்டது.

சேட்டை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. இந்தப் பக்கத்து வியாபாரிகள் வாய் தவறியும் கடையை 'மூடு' என்று சொல்லமாட்டார்கள். கடையை 'வளர்த்து' என்பார்கள். உப்புக்கு இங்கே பெயரே இனிப்பு. நாம் விளக்கைக் குளிர வைக்கிறோமே, அந்த மாதிரி. அமங்கலச் சொல் காதில் விழாமலே வளர்ந்த மனிதரை நல்ல நாளில் ஓர் இயந்திரம் சுவரில் எழுதிக்காட்டி ஏசினால் அவர் என்ன செய்வார்? சமிதி போட்டார்.

அந்தக் குழுவின் பெயர் 'திரை மங்கள சமிதி'. தலைவர், ஆலை மேலாளர் மஜ்முதார். செயலாளராகத் 'திரை அதிகாரி' என்று புதுப் பதவி உண்டாக்கி ஹேதல்பென் திரிவேதி என்ற பெண்மணியை நியமித்தார்கள். அவர் அதற்கு முன் பரூச்சில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர். சொல்லில் மங்களம் குறையாமல் பார்த்துக்கொள்வதில் பதினோரு வருட அனுபவம் அவருக்கு.

முதல் கூட்டத்திலேயே பட்டியல் தயாராகிவிட்டது. 'மூடியது' இனி 'வளர்ந்தது'. 'நின்றது' இனி 'தவத்தில்'. அளவு குறைந்தால் 'பணிவு'. வெப்பமோ அழுத்தமோ எல்லை மீறினால் 'உற்சாகம்'. சென்சார் கெட்டு, எண் வருவதே நின்றுபோனால் 'மௌன விரதம்'. சென்சார் சரியாகும்வரை கடைசியாக வந்த நல்ல எண்ணையே திரை காட்டிக்கொண்டிருக்கும். இரண்டாம் கூட்டத்தில் 'திறந்தது' என்ற சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள். கதவு திறந்தால் லட்சுமி வெளியே போவாள் என்று ஒருவர் சொல்ல, அதுவும் நியாயமாகப் பட்டதால், 'திறந்தது' என்பதையும் 'வளர்ந்தது' என்று மாற்றினார்கள். இரண்டு பட்டியலிலும் சேட் குங்குமம் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

கன்ட்ரோல் ரூமில் இருபத்திரண்டு வருடமாகத் திரை பார்க்கிற சோமா வசாவா, புதுப் பட்டியலை மூன்று முறை படித்துவிட்டு முன்கூடத்துக்கு நடந்தான். அவனுடைய சாதியில் கடை வைத்தவர் எவரும் கிடையாது. அவன் வீட்டில் கதவை மூடினால் மூடியது, அவ்வளவுதான்.

"ஹேதல்பென், வால்வு மூடினாலும் வளர்ந்தது, திறந்தாலும் வளர்ந்தது. எதைப் பாத்து நான் எதைத் தெரிஞ்சுக்கறது?"

"ஏன் சோமாபாய் கெட்டதாவே நினைக்கிறீங்க? எப்படிப் பாத்தாலும் வளர்ச்சிதானே!"

மஜ்முதார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "ரெண்டு பட்டியல்லயும் சேட் கையெழுத்து இருக்கு. அதுல எந்தக் கையெழுத்து தப்புன்னு நீ சொல்றே? எழுதிக் கொடு, அனுப்பி வைக்கிறேன்."

சோமா எழுதிக் கொடுக்கவில்லை. பிள்ளைகுட்டிக்காரன்.

ஆனால் அவனுடைய கவலை சொல்லைப் பற்றியது அல்ல. மூன்றாம் ரியாக்டருக்குள் கலக்கிற சரக்கு தானாகவே சூடேறும் ஜாதி. அதைச் சுற்றி ஓடுகிற குளிர்நீர்தான் அதை அறுபத்திரண்டு டிகிரியில் பிடித்து வைக்கும். தண்ணீர் நின்றால் கால் மணி நேரம். அதற்குள் யாரும் கவனிக்காவிட்டால் சரக்கு மேல்மூடியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். அந்த மூடிக்குப் பத்தடி தள்ளி, மேல்தளத்தில் தனியாக நின்று வேலை செய்கிறவன் உக்கட், சோமாவின் தங்கை ரமிலாவின் புருஷன்.

உக்கட் என்றால் குப்பைமேடு. அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்காததால், எமன் கூடத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவன் அம்மா வைத்த பெயர். நம் ஊரில் குப்புசாமியும் பிச்சையும் அப்படி வந்தவர்கள்தானே. எமனை ஏமாற்றிய அந்தப் பெயர் சமிதியை ஏமாற்றவில்லை. சேட் பார்க்கிற திரையில் 'தளத்தில் இருப்பவர்: குப்பைமேடு' என்று வரலாமா? பெயரை எடுத்துவிட்டு 'தளத்தில் ஆள்: 1' என்று போட்டார்கள். தளத்து வாசலில் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அவன் அட்டையைக் காட்ட வேண்டும், கன்ட்ரோலர் எண்ணிக்கொள்ளும்.

"பேரே போச்சு மச்சான். இனிமே நான் வெறும் ஒண்ணு" என்றான் உக்கட், தொலைபேசியில்.

"சுழியா ஆகாம இருக்கியேன்னு சந்தோஷப்படு."

இருவரும் தங்களுக்குள் ஒரு வழி செய்துகொண்டார்கள். ரியாக்டரின் உடம்பிலேயே முள் வைத்த பழைய வெப்பமானி ஒன்று இருந்தது. அரை மணிக்கொரு தடவை உக்கட் அதைப் பார்த்துச் சொல்வான், சோமா எழுதிக்கொள்வான். ஒரு நாள் முள் அறுபத்தைந்து காட்ட, திரை அறுபத்திரண்டு காட்டியது. சோமா நல்ல மனதோடு இதை மஜ்முதாரிடம் சொன்னான். மறுநாள் காலை முள் வெப்பமானியைக் கழற்றிவிட்டார்கள்.

அன்று மஜ்முதார் எல்லாரையும் கூட்டிப் பேசினார். "ஒரு ஆலையில ரெண்டு உண்மை இருக்கக் கூடாது. வீட்டுல ரெண்டு கடிகாரம் இருந்தா சண்டைதான் வரும். நேரடித் திரைன்னு ஏன் பேர் வச்சிருக்கோம்? நேரடியா சேட்டுக்குப் போறதால. எல்லை தாண்டின எண் எதுவும் நேரடியாப் போகாது. முதல்ல ஹேதல்பென் பாப்பாங்க, அப்புறம் நான் பாப்பேன், நாப்பது நிமிஷத்துல ஒப்புதல் குடுத்து நேரடியா அனுப்பிடுவோம். இதைவிட வேகம் இந்த வட்டாரத்துல யார்கிட்டயும் கிடையாது." எல்லாரும் கை தட்டினார்கள். சோமாவும் தட்டினான். தட்டாத கையைக் குறித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தான்.

அடுத்து சங்கொலி போயிற்று. அபாயச் சங்கின் சத்தம் சாவு வீட்டை நினைவுபடுத்துவதாகச் சேட்டின் மருமகள் சொன்னாளாம். அதற்குப் பதில் ஷெனாய் வைத்தார்கள். முதல் தடவை அது வாசித்தபோது மதிலுக்கு அப்பால் உள்ள கிராமத்திலிருந்து நாலு பேர் கல்யாணச் சாப்பாடு உண்டா என்று கேட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். கன்ட்ரோல் ரூமில் இருந்த அவசரத் தண்ணீர்ப் பொத்தானுக்கும் கண்ணாடிப் பெட்டி போட்டு, பூட்டி, மாலை சாத்தினார்கள். அதை அமுக்கினால் எல்லாக் குழாயிலும் தண்ணீர் பாய்ந்து ரியாக்டர் அடங்கும்தான். ஆனால் அந்தச் சரக்கு வீணாகி, திரையின் உற்பத்திக் கட்டத்தில் சுழி விழும். சுழியைப் போல அமங்கலம் வேறு உண்டா? மொய் எழுதினால்கூட நூற்றொன்று எழுதுகிற ஊர் இது. சாவி மஜ்முதாரின் இடுப்பில் தொங்கியது.

முள் போனபின் உக்கட்டுக்கு மிச்சமிருந்தது வலது கை. தண்ணீர் திரும்பி வரும் குழாயின் மேல் அதை வைத்துப் பார்ப்பான்.

"மாப்ளே, திரையில வளர்ந்திருக்கு."

"திறந்து வளர்ந்திருக்கா, மூடி வளர்ந்திருக்கா?"

"அது எனக்கும் தெரியாது, நம்ம சேட்டுக்கும் தெரியாது. தொட்டுப் பாரு."

"இரு... சில்லுன்னு இருக்கு. உன் தங்கச்சி மூஞ்சி மாதிரி இல்ல."

எட்டு மாதம் அந்தக் கை ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. தண்ணீர் கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் அது கண்டுபிடித்துவிடும். பிறகு கேமராவில் யாரோ பார்த்துவிட்டார்கள். மெமோ வந்தது. 'ஒப்புதல் பெறாத உணர்கருவியை (வலது கை) தொடர்ந்து பயன்படுத்தியமைக்கு விளக்கம் கோரப்படுகிறது. மறுமுறை நிகழ்ந்தால் வேலைநீக்கம்.' உக்கட் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கு லைசென்ஸ் எங்க வாங்குறது மச்சான்?"

சோமா சிரித்தான். அன்றைக்குச் சிரித்ததை நினைத்துப் பின்னால் அவன் தன்னைத்தானே அறைந்துகொண்டிருக்கிறான்.

மறு வருடம் லாப பஞ்சமி வந்தது. ஆலை முன்னால் புதிதாக ஒரு நீரூற்று கட்டியிருந்தார்கள். சேட் பத்து மணிக்கு வந்து பூஜை முடித்து நீரூற்றைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு. மூன்றாம் ரியாக்டரின் வெப்ப சென்சார் தீபாவளிக்கு முன்பே கெட்டுப்போய், ஆறு நாளாக மௌன விரதத்தில் இருந்தது. திரை அறுபத்திரண்டு என்று காட்டிக்கொண்டே இருந்தது. எழுபதைத் தாண்டினால் தானே தண்ணீரைத் திறக்க வேண்டிய கன்ட்ரோலருக்கும் அதே அறுபத்திரண்டுதான் போய்க்கொண்டிருந்தது. சென்சாரை மாற்றச் சொல்லி சோமா இரண்டு தடவை கேட்டான். பண்டிகை நாளில் விரதத்தைக் கலைக்க வேண்டாம், பஞ்சமி கழியட்டும் என்று பதில் வந்தது.

பத்தரை மணிக்கு நீரூற்று முழங்கால் உயரத்துக்குமேல் எழவில்லை. சேட் பார்த்துக்கொண்டிருக்கிறார். மஜ்முதார் தன் அறைக்கு ஓடினார். நீரூற்றுக்குத் தண்ணீர், ரியாக்டருக்குப் போகும் குளிர்நீர்க் குழாயிலிருந்துதான் எடுத்திருந்தார்கள். தன் மேசையிலிருந்த கணினியில் மூன்றாம் ரியாக்டரின் குளிர்நீர் வால்வை அவர் மூடினார். பத்து நிமிடம்தானே. நீரூற்று ஆளுயரம் எழுந்தது. விருந்தாளிகள் ஆஹா என்றார்கள்.

சோமாவின் திரையில் அந்த வால்வு 'வளர்ந்தது' என்று இருந்தது. அது காலையிலிருந்து அப்படித்தான் இருந்தது.

பத்தே முக்காலுக்கு ஷெனாய் கேட்டது. அழுத்தம்: உற்சாகம். எவ்வளவு என்ற எண் மட்டும் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. வெப்பம் அறுபத்திரண்டாகவே இருக்க அழுத்தம் மட்டும் எப்படி ஏறும்? சோமா தொலைபேசியை எடுத்தான்.

"மாப்ளே, குழாயைத் தொட்டுப் பாரு."

"மெமோ குடுத்திருக்காங்க மச்சான். கேமரா பாக்குது."

"மெமோவைக் குப்பையில போடு. தொடுடா!"

உக்கட் குழாயில் கை வைத்தான். பிறகு, "அடி அம்மா! மச்சான், கொதிக்குது! கை வைக்க முடியல! தண்ணியே ஓடல!"

"ஓடி வந்துடு. இறங்கி ஓடி வந்துடு."

"ஓடுனா கீழ பேக்கிங்ல இருக்கற பொம்பளைங்க மேல சரக்கு ஊத்தும். கை வால்வைத் திறந்து தண்ணி விடறேன். பன்னிரண்டு சுத்துதான். நீ பொத்தானை அமுக்கு."

சோமா பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும். ஆனால் இருபத்திரண்டு வருடம் கேட்டுக் கேட்டுச் செய்த மனிதன் அவன். முதலில் மஜ்முதாருக்குத் தொலைபேசி போட்டான்.

"சாகேப், பொத்தான் பெட்டியோட சாவி வேணும். மூணாவது ரியாக்டர் போகுது."

"போகுதுன்னா? வார்த்தையைப் பாத்துப் பேசு. இன்னிக்கு என்ன நாள்?"

"தண்ணி மூடியிருக்கு சாகேப்!"

"மூடலை. வளர்ந்திருக்கு. நான்தான் வளர்த்தேன். சேட் இப்பதான் ஷெனாய் நல்லா இருக்குன்னார், இந்த நேரத்துல நான் திரையில சுழி காட்டவா? நீரூற்றுக்கு ஆரத்தி நடக்குது, முடியட்டும், நாலே நிமிஷம்."

சோமா தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை, எறிந்தான். இரும்பு முக்காலியைத் தூக்கிக் கண்ணாடிப் பெட்டியை அடித்து, மாலையோடு சேர்த்துப் பொத்தானை அமுக்கினான். தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் இன்னொரு சத்தமும் கேட்டது.

கை வால்வில் பதினோரு சுற்று திறந்திருந்தது என்று பிறகு பார்த்தவர்கள் சொன்னார்கள். கீழே இருந்த பெண்கள் ஒன்பது பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உக்கட்டைப் பின்பக்க ஏணி வழியாகப் போர்வையில் சுற்றி இறக்கினார்கள். ஷெனாய் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தும் முறை யாருக்கும் சொல்லித் தரப்படவில்லை.

எட்டாம் நாள் விசாரணை. குழுத் தலைவர் மஜ்முதார், செயலாளர் ஹேதல்பென். திரையின் பதிவேட்டை உரக்கப் படித்தார்கள். வெப்பம் அறுபத்திரண்டு, கடைசி வரை. வால்வு வளர்ந்தது. அழுத்தம் உற்சாகம். ஆகவே அன்று எதுவும் நடக்கவில்லை என்று பதிவேடு காட்டியது. கண்ணாடிப் பெட்டி உடைந்தது ஒன்றுதான் சேதம்.

"திரை அறுபத்திரண்டு காட்டும்போது வெப்பம் ஏறுதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மஜ்முதார்.

"உக்கட் குழாயைத் தொட்டுப் பாத்துச் சொன்னான்."

"ஒப்புதல் இல்லாத கருவி. மெமோ குடுத்த பிறகும் பயன்படுத்தியிருக்கான். ஹேதல்பென், குறிச்சுக்குங்க." பிறகு நிமிர்ந்தார். "கருவியைப் பரிசோதனைக்கு அனுப்பணும். அது இப்ப எங்கே இருக்கு?"



"நர்மதைக் கரையில எரிச்சுட்டோம், சாகேப்."

ஹேதல்பென்னின் பேனா நின்றது. அவர் முதல் தடவையாகத் தலையைக் குனிந்துகொண்டார். மஜ்முதார் மட்டும், 'கருவி கிடைக்கவில்லை' என்று எழுதச் சொன்னார்.

இத்தோடு முடிந்திருக்கும், ரமிலா வராமல் இருந்திருந்தால். நிவாரணம் கேட்டு ஆலைக்கு வந்தவளை முன்கூடத்தில் உட்காரவைத்தார்கள். எதிரே சுவரளவு திரை. அவளுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும்.

"அண்ணே, அது என்ன ஒண்ணு?"

சோமா படித்துச் சொன்னான். "தளத்தில் ஆள், ஒண்ணு."

"யாரு?"

"உன் புருஷன்தான். உள்ளே போகும்போது அட்டையைக் காட்டினான். வெளிய வரும்போது காட்டல."

ரமிலா அழவில்லை. ஹேதல்பென்னின் மேசைக்கு நேராகப் போனாள். "இதுல வர்றது பொய்யா, நெஜமாம்மா?"

கூடத்தில் மஜ்முதார் உள்படப் பத்துப் பேர் இருந்தார்கள். "திரையில பொய் வராது" என்றார் ஹேதல்பென், மெல்ல.

"அப்ப அவர் உள்ளதான் இருக்கார். ஷிஃப்ட் நாலு மணிக்கு முடியும். கூட்டிட்டுப் போறேன்." திரைக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள்.

மறுநாளும் வந்தாள், தூக்குப் பாத்திரத்தில் சோள ரொட்டியும் பூண்டுச் சட்னியுமாக. அதற்கு மறுநாளும். விரட்ட வழியில்லை. உன் புருஷன் உள்ளே இல்லை என்றால் திரை பொய். திரை உண்மை என்றால் ஆளைக் கொண்டு வா. வந்து போகிற வியாபாரிகள் இவள் யார் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

சோமா இந்தத் தடவை எழுதிக் கொடுத்தான். 'என் தங்கை புருஷன் உக்கட் செத்துவிட்டான். ஒன்றைச் சுழி ஆக்கவும்.' விண்ணப்பம் இரண்டு குறைகளோடு திரும்பி வந்தது. 'செத்துவிட்டான்' என்ற சொல் பட்டியலில் இல்லை. சுழி அமங்கலம்.

ஆனால் சமிதி சும்மா இருக்கவில்லை. அவசரக் கூட்டம் கூட்டியது. எண்ணைக் குறைக்க முடியாது, சரி. எண் பொய்யாகவும் இருக்கக் கூடாது. ஆகவே எண்ணுக்கேற்ற ஆளை அங்கே நிறுத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. அதே தளத்தில் நான்காம் ரியாக்டர் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை உடைத்தவனுக்கு எப்படியும் தண்டனை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். சோமாவுக்கு உத்தரவு வந்தது: நாளை முதல் தளத்து வேலை. உள்ளே போகும்போது அட்டையைக் காட்டக் கூடாது, காட்டினால் இரண்டாகிவிடும்.

மறுநாள் சோமா அட்டையைக் காட்டாமல் மேலே ஏறினான். நான்காம் ரியாக்டரின் குளிர்நீர்க் குழாய் பக்கத்தில் நின்றான். கேமரா அவனைப் பார்த்தது. வலது கையைக் குழாயின்மேல் வைத்தான், எட்டு மணி நேரமும் எடுக்கவில்லை.

நாலு மணிக்கு முன்கூடத்துக்கு இறங்கி வந்தபோது திரைக்குக் கீழே ரமிலா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். திரையைப் பார்த்தாள். ஒன்று. அண்ணனைப் பார்த்தாள்.

"இப்ப அந்த ஒண்ணு நீயாண்ணே?"

"ஆமா."

தூக்குப் பாத்திரத்தை அவன் கையில் கொடுத்தாள். தான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"அப்ப நாளையிலேர்ந்து அண்ணியை வந்து இங்க உக்காரச் சொல்லு" என்றாள்.